பழகிவிடும் என்பது போதாது: ஜவளகிரிச் சாலையில் கியர் ஷிஃப்டர்கள்

கியர் சைக்கிள் விற்கும் கடையில் நின்று, "இந்த ஷிஃப்டர் கைக்கு ஒத்துவருமா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரெண்டு நாள் ஓட்டுங்க சார், பழகிடும்." அதில் பொய் இல்லை. கட்டைவிரலால் தள்ளுவதும் பழகிவிடும், கைப்பிடியை முறுக்குவதும் பழகிவிடும். மனிதக் கை எதற்கும் பழகும். அதனாலேயே, பழக்கத்தை வைத்து ஒரு கருவியின் தரத்தைச் சொல்ல முடியாது. மோசமான கருவிக்கும் அதே சான்றிதழ் கிடைத்துவிடும்.

கேட்க வேண்டியது வேறு. பழகிய பிறகும், களைத்துப்போன நேரத்தில் கை என்ன செய்கிறது? பதற்றத்தில் எந்தத் திசையில் தவறுகிறது? வீட்டில் இரண்டு சைக்கிள், இரண்டிலும் இரண்டு விதமான ஷிஃப்டர் என்றால் ஒன்றின் பழக்கம் மற்றொன்றில் எப்படிக் குறுக்கே வருகிறது? மலை சைக்கிளில் இன்று புழங்கும் ஷிஃப்டர் வகைகளை இந்தக் கேள்விகளோடு ஜவளகிரிச் சாலைக்குக் கொண்டுபோய் எடைபோட்டால், கடையில் கிடைக்காத பதில்கள் கிடைக்கின்றன.

ஜவளகிரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஏற்காடு, ஏலகிரி போன்ற மலைப்பாதைகள் காலைச் சோதிப்பவை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு இலகுவான கியரைப் போட்டுவிட்டால், மேலே போய்ச் சேரும்வரை ஷிஃப்டருக்குப் பெரிய வேலை இல்லை. ஜவளகிரி இருக்கும் ஓசூர் மேட்டுநிலம் அப்படிப்பட்டதல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஓசூர். தளி அதைவிடச் சற்று மேலே. அங்கிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகும் சாலைகள் நீண்ட ஏற்றமாகவும் இல்லை, சமவெளியாகவும் இல்லை. ஒரு மேடு, உடனே ஒரு ஓடைப் பள்ளம், பள்ளத்தில் சிறு பாலம், அதைத் தாண்டியதும் மறுபடி மேடு. இங்கே கட்டைவிரலுக்கு ஓய்வு கிடையாது.

சாலையின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. கேழ்வரகும் கொள்ளும் அறுவடையாகும் மாதங்களில், இந்தப் பக்கத்து விவசாயிகள் தாளையும் கொடியையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். வண்டிச் சக்கரங்கள் ஏறி ஏறித் தானியம் உதிரும். சைக்கிளுக்கு அது வேறு கதை. கொள்ளுக்கொடி ஒன்று பின்சக்கரத்தோடு சுற்றி வந்து, செயினைத் தாங்கும் சின்னச் சக்கரங்களுக்குள் நுழைந்தால் கியர் பாதியில் நின்றுவிடும். அதே மாதங்களில்தான் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்களும் ஜவளகிரிக் காட்டுக்குள் வந்து, விளைந்த கேழ்வரகை நோக்கி இறங்குகின்றன. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இந்தப் பகுதியை உள்ளடக்கியது. ஆகவே மலை சைக்கிள் வைத்திருக்கிறோம் என்பதற்காகக் காட்டுக்குள் தடம் தேடிப் போகக் கூடாது. விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் காட்டை ஒட்டிய சாலையிலும் இருக்கக் கூடாது. இங்கே மலை சைக்கிள் என்பது பகலில் ஊர்ச் சாலைகளிலும் வயலோர மண்பாதைகளிலும் ஓட்டுவதற்கானது. அந்த எல்லைக்குள்ளும் சட்டென்று நின்று, வண்டியைத் திருப்பி, மேட்டில் ஏறிப் போக வேண்டிய நேரம் வரும். அப்போது எந்த விரல் எதைத் தள்ள வேண்டும் என்று யோசிக்க நேரம் இருக்காது.

அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: ஓடைப் பள்ளம். பிரேக் பிடித்தபடி இறங்குகிறோம். அடியில் குழி அல்லது தாள் பரப்பிய சாலை. அதைத் தாண்டிய அடுத்த நொடியே ஏற்றம். அந்த இரண்டு மூன்று நொடிக்குள் கியர் இலகுவாகியிருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத ஷிஃப்டர், சமதரையில் எவ்வளவு சொகுசாக இருந்தாலும் இந்த ஊருக்கு ஆகாது.

எல்லா ஷிஃப்டரும் செய்வது இரண்டே வேலைகள்: கேபிளை இழுப்பது, இழுத்ததை விடுவது. பின்னால் செயினை நகர்த்தும் பாகமான டிரெய்லியரில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது செயினை எப்போதும் சின்னப் பல்சக்கரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கேபிளை இழுத்தால் ஸ்பிரிங்கை மீறிச் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும், மிதிப்பது இலகுவாகும். கேபிளை விட்டால் ஸ்பிரிங் தானே செயினைக் கீழே இறக்கும், மிதிப்பது கனக்கும். இழுக்க வலு வேண்டும். விட ஒரு தட்டுப் போதும். பெரும்பாலான ஷிஃப்டர்களில் கட்டைவிரலுக்கு இழுக்கும் வேலையும் ஆள்காட்டி விரலுக்கு விடும் வேலையும் தரப்பட்டிருப்பது இதனால்தான்.

சிக்கல் இடது கையில் தொடங்குகிறது. முன்னால் இரண்டோ மூன்றோ பல்சக்கரங்கள் இருந்தால் இடது ஷிஃப்டர் அவற்றை மாற்றும். அங்கேயும் கட்டைவிரல் தள்ளினால் செயின் பெரிய சக்கரத்துக்குத்தான் ஏறும். ஆனால் முன்னால் பெரிய சக்கரம் என்றால் மிதிப்பது கனக்கும். வலது கட்டைவிரல் இலகுவாக்குகிறது. இடது கட்டைவிரல் அதே அசைவால் கனமாக்குகிறது. கியர் சைக்கிளுக்குப் புதியவர்கள் தடுமாறுவதற்கு முதல் காரணம் இந்த முரண்தான். தங்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பிழை கருவியின் விதியில் இருக்கிறது.

பதற்றத்தில் பலர் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துத் தள்ளிவிடுவதைப் பள்ளங்களில் பார்க்கலாம். அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முன்னால் 42, 34, 24 பற்கள். பின்னால் 14 முதல் 28 வரை. தொடக்க விலை மலை சைக்கிள்களில் இது சாதாரண அமைப்பு. 34-க்கு 20 என்ற கியரில் இறங்கி வந்தால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் 1.7 சுற்று சுற்றும். இரண்டு கட்டைவிரலும் முழுக்கத் தள்ளினால் 42-க்கு 28 ஆகும், அதாவது 1.5 சுற்று. இவ்வளவு தள்ளியும் கிடைத்த இலகு அவ்வளவுதான், செயினும் குறுக்காக இழுபட்டு முனகும். இடது பக்கம் தள்ளாமல் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் 24-க்கு 20, வெறும் 1.2 சுற்று. ஏற்றத்தில் காலை ஊன்றி இறங்குவதா, மிதித்து ஏறுவதா என்பதை இந்த இடைவெளி தீர்மானித்துவிடும்.

இனி ஒவ்வொரு வகையாக.

பழைய கட்டைவிரல் லீவர், ஹேண்டில் பாருக்கு மேலே உட்கார்ந்திருப்பது. ஷிமானோ நிறுவனம் 1982-இல் மலை சைக்கிளுக்கென்று தியோர் எக்ஸ்டி பாகங்களைக் கொண்டுவந்தபோது அதன் ஷிஃப்டர் இதுதான். க்ளிக் கிடையாது. உராய்வால் நிற்கும் லீவரை வேண்டிய அளவு நகர்த்தி, செயின் சரியாக உட்கார்ந்ததா என்று காதால் கேட்டுத் திருத்த வேண்டும். 1984-இல் அதே நிறுவனம் ரேஸ் சைக்கிளுக்கு எஸ்ஐஎஸ் என்ற க்ளிக் முறையைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் அது மலை சைக்கிளுக்கும் பரவியதும், உராய்வு லீவர் பின்னுக்குப் போனது.

இதை ஏளனமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. க்ளிக் ஷிஃப்டர் ஒழுங்காக வேலை செய்ய, கேபிளின் இழுவிசை துல்லியமாக இருக்க வேண்டும். டிரெய்லியரைத் தாங்கும் கொக்கி வளையாமல் இருக்க வேண்டும். ஜவளகிரியின் செம்மண் புழுதி கேபிள் உறைக்குள் புகுந்து, ஒரு மழையும் நனைத்துவிட்டால், க்ளிக் ஒரு இடத்திலும் செயின் வேறொரு இடத்திலுமாக நிற்கும். உராய்வு லீவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. கொக்கி வளைந்திருந்தாலும், வேறு கம்பெனி ஃப்ரீவீல் மாட்டியிருந்தாலும் ஓட்டுபவரே திருத்திக்கொள்ளலாம். கொள்ளுக்கொடி சிக்கினால் லீவர் கனப்பதை விரல் உடனே உணர்ந்துவிடும். க்ளிக் ஷிஃப்டரில் எண் மாறிவிடும், செயின் மாறாது, கொடியை எடுத்ததும் எதிர்பாராமல் இரண்டு சக்கரம் தாவும். தைவானின் மைக்ரோஷிஃப்ட் நிறுவனம் க்ளிக்கையும் உராய்வையும் மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டைவிரல் லீவர்களை இன்றும் செய்கிறது என்பது, இந்த வாதத்துக்கு உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையே காட்டுகிறது.

ஆனால் ஓடைப் பள்ளத்தில்? லீவர் பாருக்கு மேலே இருப்பதால் கட்டைவிரல் பிடியிலிருந்து முழுவதும் எழ வேண்டும். குழியில் இறங்கும் அதே நொடியில் கையின் பாதிப் பிடி போய்விடுகிறது. செயின் உட்காரும் சத்தத்தைக் கேட்கக் காதும் கவனமும் வேண்டும். அந்த நேரத்தில் இரண்டும் சாலையில்தான் இருக்க வேண்டும். நிதானமாக ஊர் சுற்றுபவருக்கு இது நல்ல தோழன். மேடு பள்ளத்தில் வேகமாக ஓட்டுபவருக்கு இல்லை.

அடுத்தது முறுக்கும் கைப்பிடி. அமெரிக்காவின் சிகாகோவில் 1987-இல் தொடங்கிய எஸ்ராம் நிறுவனம் கிரிப் ஷிஃப்ட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. ஷிமானோவும் ரெவோஷிஃப்ட் என்று தன் வகையைச் செய்தது. இன்று நம் ஊரில் விலை குறைந்த கியர் சைக்கிள்களிலும் சிறுவர் சைக்கிள்களிலும் பரவலாக இருப்பது இதுதான்.

இதன் நன்மைகள் உண்மையானவை. எண் கண்ணுக்கு முன்னால் தெரியும். ஒரே முறுக்கில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகலாம். மார்கழிக் காலையில் தளிப் பக்கம் விரல் விறைத்துப் போகும் குளிரில், சின்ன லீவரைத் தேடுவதைவிட முழுக் கையால் திருப்புவது எளிது. சிறுவர்களின் கட்டைவிரலுக்கு ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளும் வலு போதாது; உள்ளங்கைக்கு இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிக் குறை உண்டு. வேறு ஊர்க்காரர்கள் எழுதும் மதிப்பீடுகளில் அது வருவதில்லை. ஓசூர் டிவிஎஸ்ஸின் ஊர். 1980-இல் வந்த டிவிஎஸ் 50 தொடங்கி இன்றைய எக்ஸ்எல் வரை, இந்தப் பக்கத்தில் பால் கேன் ஏற்றுவதும் ரோஜாப் பூ கொண்டுபோவதும் தொழிற்சாலை ஷிஃப்ட்டுக்குப் போவதும் அந்த வண்டிகளில்தான். அந்த வண்டி ஓட்டிய வலது கைக்கு ஒரு பாடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது: தன்னை நோக்கி முறுக்கினால் வேகம் கூடும், முன்னால் விட்டால் குறையும். சைக்கிளின் வலது முறுக்குப் பிடி பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தன்னை நோக்கி முறுக்கினால் கேபிள் இழுபட்டு கியர் இலகுவாகும்; முன்னால் முறுக்கினால் கனமாகும். சமதரையில் வேகம் எடுக்க நினைத்து முறுக்குபவரின் கால் சட்டென்று காற்றில் சுழல்வதையும், ஏற்றத்தில் 'ஆக்சிலேட்டரை விட்ட' கைக்கு மிதி பாறையாக மாறுவதையும் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பயிற்சி இல்லாததால் வரும் தவறல்ல இது. பல வருடப் பயிற்சி இருப்பதால் வருவது. இப்படிப் பதிந்துபோன பாடத்தை இரண்டு நாள் ஓட்டம் அழித்துவிடாது.

ஓடைப் பள்ளத்தில் இதன் குறை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பிரேக் லீவரில் விரல்களை வைத்தபடி பிடியை முறுக்க, உள்ளங்கையும் கட்டைவிரலும் மட்டுமே மிஞ்சும். வியர்த்த கையில் ரப்பர் வழுக்கும். குழியில் விழும் அதிர்ச்சியில் மணிக்கட்டு தானாக மடங்கும்போது கியர் கேட்காமலே மாறும். பிடிப்பதற்கென்று இருக்கிற ஒன்றையே திருப்புவதற்கும் வைத்ததுதான் இதன் அடிப்படைப் பிழை. சிறுவர் சைக்கிளுக்கும் சமதரைச் சாலைக்கும் இது போதும். ஜவளகிரிச் சாலையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வகை, ஹேண்டில் பாருக்குக் கீழே இரண்டு சின்ன லீவர்கள் கொண்டது. இதன் வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒரு திருப்பம் இருக்கிறது. 1990 வாக்கில் ஷிமானோ ரேபிட்ஃபயர் என்று அறிமுகப்படுத்தியபோது இரண்டு லீவர்களையும் கட்டைவிரலே தள்ள வேண்டியிருந்தது. ஒன்று இழுக்கும், ஒன்று விடும். எது எது என்று விரலுக்குக் குழப்பம், ஓட்டுபவர்களுக்குப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே விடும் லீவரை முன்பக்கம் கொண்டுபோய் ஆள்காட்டி விரலுக்குக் கொடுத்து, ரேபிட்ஃபயர் பிளஸ் என்று திருத்தினார்கள். இன்று நாம் பரவலாகக் காணும் வடிவம் அந்தத் திருத்தம்தான். பின்னாளில் எஸ்ராம் தன் ட்ரிகர் ஷிஃப்டர்களில் மறுபடியும் இரண்டு லீவரையும் கட்டைவிரலுக்கே கொடுத்தது. லீவர்களின் இடத்தையும் தள்ளும் தூரத்தையும் நன்றாக வேறுபடுத்தியதால் இந்த முறை அது நிலைத்தது.

ஆக, இன்று இரண்டு போக்குகள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று வேலையைப் பிரிப்பது ஒன்று. இரண்டையும் கட்டைவிரலுக்கே தருவது மற்றொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவரின் தடுமாற்றமும் தெளிவானது. முதல் வகையில் பழகியவர் எஸ்ராம் சைக்கிளில் ஏறினால் ஆள்காட்டி விரல் வெற்றிடத்தில் லீவரைத் தேடும். எதிர்த் திசையில் மாறுபவரின் கட்டைவிரல் இல்லாத இரண்டாவது லீவரைத் தேடி, இருக்கிற ஒன்றைத் தள்ளிவிடும். கனமாக்க நினைத்தது இலகுவாகும். ஷிமானோவின் மேல்வரிசை ஷிஃப்டர்களில் முன் லீவரைக் கட்டைவிரலாலும் தள்ளி விடுவிக்கலாம் என்ற வசதி உண்டு; இரண்டு பழக்கங்களுக்கும் இடம் தரும் நல்ல ஏற்பாடு. விலை குறைந்தவற்றில் அது கிடைப்பதில்லை.

எது சிறந்தது? இரண்டுமே கட்டைவிரலுக்கு என்பவர்களின் வாதம் வலுவானது: ஆள்காட்டி விரல் எப்போதும் பிரேக்கில் இருக்க வேண்டும், அதற்கு வேறு வேலை தரக் கூடாது. டிஸ்க் பிரேக்கை ஒரு விரலால் பிடித்து, கரடுமுரடான இறக்கத்தில் விடாமல் பாயும் ஓட்டத்துக்கு அது முழுக்கச் சரி. ஆனால் மேடு பள்ளமான நம் சாலையில் இந்த வாதத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிப்பது எப்போது? பள்ளத்தில் இறங்கும்போது. அப்போது தேவைப்படும் கியர் எது? அடுத்து வரும் ஏற்றத்துக்கான இலகு கியர், அதாவது கட்டைவிரல் வேலை. விரல் பிரேக்கில், கட்டைவிரல் கியரில், மோதலே இல்லை. கனமான கியர் வேண்டியது மேட்டின் உச்சியைத் தாண்டி வேகம் எடுக்கும்போது. அப்போது பிரேக்கில் விரல் இருக்கத் தேவையில்லை. ஆக, ஆள்காட்டி விரலின் இரண்டு வேலைகளும் இந்த நிலத்தில் பெரும்பாலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அதோடு, வேறு வேறு விரல், வேறு வேறு திசை என்பதால் பதற்றத்திலும் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட வாய்ப்பு குறைவு. கட்டைவிரலை ஒரே முறை ஆழமாகத் தள்ளினால் இரண்டு மூன்று சக்கரங்கள் ஏறிவிடும் என்பதும் பள்ளத்தின் அடியில் பெரிய உதவி.

இதே லீவர்களில் ஒரு மலிவு வடிவம் உண்டு. பிரேக் லீவரும் ஷிஃப்டரும் ஒரே உடம்பாகச் சேர்ந்து வருவது. ஷிஃப்டரின் உள்ளே பல் தேய்ந்தால் நல்ல பிரேக் லீவரையும் சேர்த்துக் கழற்றிப் போட வேண்டும். பிரேக்கை விரலுக்கு ஏற்றபடி சாய்த்தால் கியர் லீவர் கட்டைவிரலுக்கு எட்டாமல் போகும். கையின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. அதை மதிக்காத அமைப்பு இது. தனித்தனிப் பட்டையில் மாட்டியது கிடைக்கும்போது இதை வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இடது, வலது முரணைத் தீர்க்க உருப்படியான ஒரு முயற்சி நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஷிமானோ, ஸ்பிரிங்கின் திசையையே திருப்பி, செயினைப் பெரிய பல்சக்கரத்தை நோக்கித் தள்ளும் ரேபிட் ரைஸ் டிரெய்லியரைச் செய்தது. அதில் இரண்டு கையிலும் ஒரே அசைவுக்கு ஒரே பலன். தர்க்கப்படி இதுதான் சரி. 2003 வாக்கில் அதோடு, பிரேக் லீவரையே மேலும் கீழும் அசைத்துக் கியர் மாற்றும் டூயல் கண்ட்ரோலையும் சேர்த்து எக்ஸ்டிஆர் வரிசையில் கொண்டுவந்தார்கள். மலை சைக்கிள்காரர்கள் ஏற்கவில்லை. குலுங்கும் பாதையில் பிரேக்கில் இருக்கும் விரல் தானாகவே லீவரைத் தட்டி கியரை மாற்றியது என்பது ஒரு குறை. இன்னொன்று, அதுவரை உலகம் முழுக்கப் பழகியிருந்த கட்டைவிரல்கள். சில ஆண்டுகளில் இரண்டும் மறைந்தன. முரணைத் திருத்த வந்த கருவியை, முரணுக்குப் பழகிய கைகளே தோற்கடித்தன. 'பழகிடும்' என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய விலை ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு டெஸ்டின் சாண்ட்லின் என்ற அமெரிக்கப் பொறியாளரின் சோதனையை 2015-இல் பலர் பார்த்திருப்பார்கள். ஹேண்டில் பாரை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி அமைத்த சைக்கிள். அதை ஓட்டப் பழக அவருக்கு 8 மாதம் ஆயிற்று. சிறுவனான அவர் மகனுக்கு 2 வாரம். பழகிய பிறகு சாதாரண சைக்கிளில் ஏறியவருக்கு, முதலில் அதையும் ஓட்ட வரவில்லை. சமநிலை சம்பந்தப்பட்ட அந்தச் சோதனையை அப்படியே ஷிஃப்டருக்குப் பொருத்திவிட முடியாது. கியர் தவறினால் விழ மாட்டோம், மூச்சுத்தான் வாங்கும். ஆனாலும் இரண்டு இடத்திலும் தெரிவது ஒன்றே: எப்படி ஓட்ட வேண்டும் என்று அறிவுக்குத் தெரிந்திருப்பது கைக்குத் தெரிந்திருப்பதாகாது, புதுப் பழக்கம் வரும்போது பழையதும் கெடுகிறது. வீட்டில் ஒரு சைக்கிளில் முறுக்குப் பிடியும் மற்றொன்றில் லீவரும் வைத்துக்கொண்டு இரண்டிலும் மாறி மாறி ஓட்டுபவர், எதிலும் முழுமையாகப் பழகாமலே இருப்பதற்கு இதுதான் காரணம்.

எந்த ஷிஃப்டர் நம் சைக்கிளில் வந்து சேர்கிறது என்பதை இந்தத் தகுதிகள் எதுவும் தீர்மானிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990-இல் எஸ்ராம் ஷிமானோ மீது வழக்குத் தொடுத்தது. ஷிமானோவின் பாகங்களை மொத்தத் தொகுப்பாக வாங்கும் சைக்கிள் கம்பெனிகளுக்குத் தரப்பட்ட சலுகை, வேறு கம்பெனி ஷிஃப்டரை அவர்கள் மாட்டவிடாமல் தடுக்கிறது என்பதே குற்றச்சாட்டு. வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்த விவகாரம் எப்போதோ முடிந்துவிட்டாலும், கடையில் நிற்கும் சைக்கிளின் ஷிஃப்டர் என்பது தொகுப்பின் விலைக் கணக்கில் உட்கார்ந்தது, நம் கையை நினைத்து உட்கார்ந்தது அல்ல என்ற நிலை மாறவில்லை.

இடது, வலது முரண் கடைசியில் தீர்ந்தது வேறு வழியில். 2012-இல் எஸ்ராம் எக்ஸ்எக்ஸ்1 என்ற தொகுப்பில், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 11 என்று கொண்டுவந்தது. இடது ஷிஃப்டருக்கே வேலையில்லை, எடுத்தெறிந்தாயிற்று. ஷிமானோவும் பிறகு அதே வழிக்கு வந்தது. இடது கைக்குப் பிரேக் மட்டும், வலது கைக்கு கியர். தள்ளினால் இலகு, தட்டினால் கனம். பழக வேண்டிய விதி ஒன்றுதான். அது எந்தச் சூழலிலும் மாறாது.

எனவே என் தீர்ப்பு: ஜவளகிரி, தளி, அஞ்செட்டிப் பக்கச் சாலைகளில் ஓட்டுபவருக்கு, முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும், வலப்பக்கம் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று வேலை பிரித்த தனி ஷிஃப்டரும் சேர்ந்த அமைப்புதான் தகுந்தது. எலெக்ட்ரானிக் ஷிஃப்டர்களில் பட்டனின் வேலையை நம் விருப்பப்படி மாற்றி வைக்கலாம் என்பது உண்மை. அந்த விலையில் இங்கே பேச்சில்லை.

இந்தத் தீர்ப்பில் ஒரு பெரிய நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒற்றைப் பல்சக்கரம் என்ற பெயரில் மலிவாக விற்கப்படும் பல சைக்கிள்களில் முன்னால் 36 பல், பின்னால் பெரியது 34 என்றிருக்கும். மிக இலகுவான கியரிலும் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் 1.06 சுற்று. பழைய மூன்று சக்கர அமைப்பிலோ 24-க்கு 28, அதாவது 0.86. ஏற்றத்தில் பழையதே மேல். ஒற்றைச் சக்கரத்தின் பலன் கிடைக்க, முன்னால் 32-உம் பின்னால் 46-உம் போல இருக்க வேண்டும், அப்போது 0.70. பின்சக்கரப் பல் எண்ணிக்கையைக் கேட்காமல் 'ஒன் பை' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கியவர், ஓடைப் பள்ளத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

அப்படிப்பட்ட சைக்கிள் வாங்கும் பணம் எல்லோரிடமும் இல்லை. கையில் இருப்பது மூன்றுக்கு ஏழு கியர் சைக்கிள் என்றால், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் எனக்குச் சொன்ன வழி இன்றும் சிறந்தது: "லெஃப்ட்டத் தொடாதீங்கண்ணா. நடுப் பிளேட்டுலயே உட்டுட்டு ரைட்ட மட்டும் வெச்சு ஓட்டுங்க. காடு மேடுன்னு பெரிய ஏத்தம் வந்தா மட்டும், வர்றதுக்கு முன்னாடியே லெஃப்ட்ட ஒரு தட்டு." அப்படி ஓட்டினால் மூன்று சக்கர சைக்கிளும் பெரும்பாலான நேரம் ஒற்றைச் சக்கர சைக்கிள்தான். வலப்பக்கம் முறுக்குப் பிடி இருந்தால் அதே ஏழு க்ளிக் கொண்ட, அதே டிரெய்லியருக்குப் பொருந்துகிற லீவர் வகையாக மாற்றிவிடலாம். கேபிளையும் உறையையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. வீட்டில் இரண்டு சைக்கிள் இருந்தால் இரண்டிலும் ஒரே வகை. கட்டைவிரல் மூட்டில் வலி உள்ளவருக்கு மட்டும் நான் சொன்னதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அவருக்கு முறுக்குப் பிடியின் குறைகள் எல்லாம் அந்த வலியைவிடச் சின்னவை.

வாங்கும் முன் சோதிக்க ஓசூரிலேயே இடம் இருக்கிறது. கடைக்கு முன்னால் உள்ள சமதரையில் எந்த ஷிஃப்டரும் நன்றாகத்தான் இருக்கும். சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைக்கு வண்டி போகும் பாதை உண்டு. ஒரு முறை அதில் ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள். ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன், விரல் பிரேக்கில் இருக்கும்போதே இரண்டு கியர் இலகுவாக்கிப் பாருங்கள். கண் சாலையை விட்டு ஹேண்டில் பாருக்குப் போனால், அடுத்த மாடலைக் கேளுங்கள்.